செயலாளர் இயற்றிய என் பாட்டுகள்

விருத்தாசலத்தில் நான் முதன்முதலாக மேடையேறிப் பாடிய அன்று எனக்கு முன்னால் ஆறு பேர் பேசினார்கள். கச்சேரி ஆறு மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. ஏழே காலுக்குத்தான் மைக் என் பக்கம் வந்தது. பேசிய ஆறு பேரில் ஒருவருக்கும் நான் என்ன பாடப்போகிறேன் என்று தெரியாது. நான் யார் என்றும் தெரியாது. ஒருவர் என்னைப் பரதநாட்டியக் கலைஞர் என்றார். உரக்கடை வைத்திருந்த இன்னொருவர், ஏரியில் தண்ணீர் இல்லாததைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிவிட்டு, "பாட்டுப் பாடுனா மழ வரும்ங்கறாங்க. இந்த அம்மா பாடி வரவெக்கட்டும், பாப்போம்" என்று சொல்லி உட்கார்ந்தார். கூட்டம் கைதட்டியது. அன்று முழுவதும் எனக்கு அந்த அளவு கைதட்டல் கிடைக்கவில்லை.

காம்போதி ராகத்தை அப்போதுதான் விரித்திருந்தேன். மேடையில் ஒருவர் ஏறி வந்து என் காதருகே குனிந்தார். "அம்மா, சிறப்பு விருந்தினர் கெளம்பறாரு. சட்டுனு ஒரு மங்களம் பாடிடுங்க." பாடினேன். பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு பீங்கான் ஊறுகாய் ஜாடியைக் கையில் கொடுத்தார்கள். அதில் சபாவின் பெயர் எழுதியிருந்தது. சிறப்பு விருந்தினருக்கு இரண்டு ஜாடி.

காதருகே குனிந்தவர்தான் சபாவின் செயலாளர். ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜங்ஷன் ரோட்டில் வாஷ்பேசினும் கழிப்பறைக் கோப்பையும் விற்கும் கடை அவர் குடும்பத்துக்கு இருந்தது. மகன் கடையைப் பார்த்துக்கொண்டான், இவர் கலையைப் பார்த்துக்கொண்டார். சட்டைப்பையில் எப்போதும் நான்கு பேனா. சுருதிப் பெட்டியை "அந்த மிஷினு" என்பார். முன் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார். அது உலகத்தில் உள்ள எந்தத் தாளத்திலும் சேராது. சிதம்பரத்திலிருந்து வரும் மிருதங்கக்காரர் அவர் கை கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். அதைப் பார்த்துச் செயலாளர், "எப்படி லயிச்சுப் போயிட்டாரு பாத்தீங்களா" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்.

அன்றே விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. நெய்வேலியைத் தாண்டினால் மேடைகள் இருந்தன, அங்கே பாட அவர்களுக்கு ஆட்கள் இருந்தார்கள். என் கைக்கு எட்டியது இந்த ஒரு மேடைதான்.

நான் நல்லூர்ப் பக்கத்துக் கிராமத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் கரும்பும் போடும் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் யாரும் பாடியதில்லை. ரேடியோவில் கேட்டதைத் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பிளஸ் டூ முடித்ததும் இசைக் கல்லூரிக்குப் போகிறேன் என்றபோது அப்பா நெடுநேரம் யோசித்துவிட்டு, "அத படிச்சா என்னா வேலைக்குப் போவ?" என்றார். "பாடற வேலைக்குப்பா" என்றேன். "அப்பிடி ஒரு வேல இருக்குதா?" என்று உண்மையாகவே கேட்டார். இருக்கிறது என்று நானும் உண்மையாகவே நம்பினேன். படித்தேன். வானொலியில் தேர்வாகி, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அரை மணி நேரம் பாடினேன். பிறகு கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்தேன்.

என் கணவர் பீங்கான் பேட்டையில் ஒரு கம்பெனியில் சரக்குத் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். சூளையிலிருந்து வரும் ஜாடியை விரலால் சுண்டுவார். சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அந்த ஊரில் காது உள்ள ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

சபாவில் எனக்கு இரண்டாம் வருடம் நடக்கும்போது, செயலாளர் ஒரு டைரியோடு வீட்டுக்கு வந்தார். "அம்மா, நான் கீர்த்தனை எழுதியிருக்கேன். நீங்க மெட்டுப் போடணும்" என்றார். வாங்கிப் படித்தேன். முதல் பாட்டு இப்படி இருந்தது:

மணிமுத்தாறு கண்டேன், மனதினிலே இன்பம் கொண்டேன்,
உன்னருளை உண்டேன், என்றும் உனக்கே தொண்டேன்.

"தொண்டேன்னா என்னங்க சார்?" என்று கேட்டேன்.

"தொண்டன்தாம்மா. கண்டேன், கொண்டேன்னு வருதில்ல, அதுக்காக மாத்திக்கிட்டேன். கவிஞனுக்கு அந்த உரிமை இருக்குது."

டைரி முழுவதும் அந்த உரிமையைப் பயன்படுத்தியிருந்தார். மறுக்கத் தைரியம் இல்லை. மறுத்தால் அடுத்த கச்சேரி இல்லை. மெட்டுப் போட உட்கார்ந்தேன். அந்த வார்த்தைகளை எந்த ராகத்தில் வைத்தாலும் ராகம் கூசியது. ஒரு வார்த்தையை மாற்றினேன். அது பக்கத்து வார்த்தையை மாற்றச் சொன்னது. முடித்துப் பார்த்தால் அவருடையது என்று மிஞ்சியது ஆறு மட்டும்தான். ஆற்றை அவர் எழுதியதாகச் சொல்ல முடியாது.

பாடிக் காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. "பாருங்கம்மா, நான் எழுதுனது எப்படி வந்திருக்குதுன்னு!" என்றார். அவர் ஏமாற்றுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. முழுக்க நம்பினார். தான் எழுதியதற்கும் நான் பாடியதற்கும் அந்த ஆற்றைத் தவிர ஒரு சொல்கூடப் பொதுவில்லை என்பது அந்தக் காதுக்குத் தெரியவில்லை. திருடனாக இருந்தால் ஒரு மரியாதையாவது வைத்திருப்பேன்.

அப்படியே நான்கு வருடம் போனது. ஒவ்வொரு கச்சேரியிலும் அவருடைய பாட்டு ஒன்றைப் பாடுவேன். பாடுவதற்கு முன் எழுந்து நின்று, அந்தப் பாட்டு எந்தச் சூழ்நிலையில் தன் உள்ளத்தில் பிறந்தது என்று சொல்வார். ஒன்று ரயிலில் பிறந்தது. ஒன்று பல்வலியில் பிறந்தது. நான் மேடையில் முதுகு வளையாமல் உட்கார்ந்து, புன்னகையோடு கேட்டுக்கொண்டிருப்பேன். மாதர் சங்கத்தார் வந்து, "அவரோட பாட்டு உங்க வாய்ல நல்லா இருக்குதும்மா" என்பார்கள். "எல்லாம் சாரோட ஆசீர்வாதம்" என்பேன். அந்தப் பதிலை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

ஒரு நாள் கச்சேரி நடுவில் மைக்கைப் பிடித்து, "பீங்கான் பேட்டையில் உழைக்கும் தாய்மார்களுக்கு நம் சபா வாராவாரம் இலவசமாகச் சங்கீதம் கற்றுத்தரப் போகிறது" என்று அறிவித்தார். கற்றுத்தரப் போவது நான் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பெனிகளுக்குப் பொதுவாக இருந்த சாப்பாட்டு ஷெட்டில் வகுப்பு. கட்டியிருந்த பேனரில் செயலாளர் ஆளுயரத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தார். என் படம் தபால் தலை அளவு. இருபது பெண்கள் வந்திருந்தார்கள். அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிறவர்கள், ஃப்யூஸ் கேரியர் துடைக்கிறவர்கள், பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவர்கள். பத்திரிகை போட்டோக்காரர் வந்தார். செயலாளர் என் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி இருந்தார். படம் எடுத்தாயிற்று. போட்டோக்காரரும் போனார், அவர் ஸ்கூட்டரில் இவரும் போனார். அதற்குப் பிறகு அவர் அந்த ஷெட்டுக்கு வந்ததே கிடையாது.

முன் வரிசையில் இருந்த பெண் கேட்டாள். "அக்கா, போட்டா எடுத்தாச்சு. போலாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. அவர்களைப் பற்றியும் அப்போது எனக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் லீவு, அதிலும் இங்கே வந்து உட்காரச் சொல்லி மேஸ்திரி விரட்டியிருக்கிறார், இவர்களுக்கு எதற்குச் சரளி வரிசை என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வந்ததற்குச் சுருதிப் பெட்டியைப் போட்டு, ச ரி க ம சொல்லிக்கொடுத்தேன்.

போலாமா என்று கேட்டவள் பொம்மைக்குக் கண் எழுதுகிறவள். முப்பது வயது இருக்கும். நகக்கண்ணில் கறுப்பு வர்ணம் ஒட்டியிருக்கும். மேல் ஸட்ஜத்தைத் தொட்டுவிட்டு நிறுத்தினாள்.

"ஏங்க்கா, ச-வுல ஆரம்பிச்சு ச-வுலயே முடியுதே. ரெண்டும் ஒன்னாங்க்கா?"

"ஒன்னுதான். ஒன்னு கீழ இருக்குது, ஒன்னு மேல இருக்குது."

"அப்ப எப்பிடிக்கா ஒன்னாவும்? நானும் எங்க மொதலாளியும்கூடத்தான் மனுசங்க."

ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். கல்லூரியில் மூன்று வருடம் படித்தும் நான் கேட்காத கேள்வி அது. இரண்டையும் சேர்த்துப் பாடிக் காட்டினேன். கீழ் ஸட்ஜத்தை அவர்களைப் பிடிக்கச் சொல்லி, நான் மேலே போய் நின்றேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஆமா, ஒட்டிக்குது" என்றாள். அடுத்த வாரம் ஏழு பேர் குறைந்தார்கள். மீதிப் பதின்மூன்று பேர் நிலைத்துவிட்டார்கள்.

அந்த வகுப்பில்தான் வருடக் கணக்கில் முதல் தடவையாகப் பாட்டு எனக்குச் சுமையில்லாமல் இருந்தது. அவர்கள் முகத்துக்காகத் தலையாட்ட மாட்டார்கள். நன்றாக இல்லையென்றால், "இது இழுவையா இருக்குதுக்கா, வேற சொல்லுங்க" என்பார்கள்.

ஒரு ஞாயிறு, விநாயகர் சதுர்த்திக்கு முன்னால், வேலை குவிந்து கிடந்தது. கண் எழுதுகிறவள் பொம்மைகளை ஷெட்டுக்கே கொண்டுவந்து எழுதிக்கொண்டே பாடினாள். வரிசையாக நின்ற பொம்மைகளைப் பார்த்து, யாரிடமும் என்றில்லாமல் சொன்னாள். "எத்தினி கண்ணு எழுதிட்டேன். ஒன்னாச்சும் என்னைத் திரும்பிப் பாக்குதா பாரு."

நான் நோட்டை எடுத்தேன். அங்கேயே, அவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, எழுதினேன்.

கண்ணெழுதி வைத்தேன், ஒரு கண்ணும்
என்னைக் காணக் காணேன்.

ஆனந்தபைரவியில் தானாக வந்து உட்கார்ந்தது. அனுபல்லவிக்கு வார்த்தை கிடைக்காமல் தவித்தபோது, கூழ் ஊற்றுகிற அம்மாள், "சூளையில வெந்த பொறவு ஒடையாதுன்னு சொல்லுங்க, ஒடையத்தான் செய்யும், ஆனா பாட்டுல சொல்லலாம்" என்றாள். மூன்று வாரத்தில் பாட்டு முழுமையாயிற்று. பதின்மூன்று பேரும் அதை மனப்பாடமாகப் பாடினார்கள். நான் அதுவரை செய்ததிலேயே நல்ல பாட்டு அதுதான்.

அதை வீட்டில் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது செயலாளர் வந்தார். தன் பாட்டுகளை சி.டி.யாகப் போடும் ஏற்பாட்டில் இருந்தார். வாசலில் நின்று கேட்டார்.

"இது நல்லா இருக்குதே. இதையும் சேத்துக்குவோம்மா. எட்டாவது பாட்டு."

"சார், இது நான் வகுப்புக்காக..."

"வகுப்பு யாருது? நம்ம சபாதான? நம்ம பாட்டுதானம்மா" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். பிறகு, வேறு விஷயம் போல, "மார்கழில மெட்ராஸ்ல ஒரு சபாவுல உங்களுக்குப் பேசி வெச்சிருக்கேன்" என்றார்.

நான் உள்ளே போய்க் காபி போட்டேன். காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். அவ்வளவு நேரம்தான் பிடித்தது.

அவர் போன பிறகு என் கணவர் கேட்டார். "அது நீ எழுதுனதாச்சே."

"எல்லாமே நான் எழுதுனதுதான்."

"அப்ப இது ஒன்னையாச்சும் வெச்சுக்க வேண்டியதுதான."

நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சி.டி. வெளியீட்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் மாலையில் நடந்தது. பெண்ணாடத்திலிருந்து, மங்கலம்பேட்டையிலிருந்தெல்லாம் கடைக்காரர்களை அழைத்திருந்தார். வாஷ்பேசின் வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள். சங்கீதத்துக்காக வந்தவர்களை விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை போதுமாக இருந்தது. வகுப்புப் பெண்கள் பதின்மூன்று பேரையும் மேடையில் நிறுத்தி அந்தப் பாட்டைப் பாடவைக்க வேண்டும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். அவர்கள் தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தார்கள். வேலையில் அடிபட்ட கைகளைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு நின்றார்கள். பாடினார்கள். சுருதி விலகவில்லை. என்னைவிட நன்றாகப் பாடினார்கள் என்று சொன்னால் அது மிகை, ஆனால் என்னைவிட அர்த்தத்தோடு பாடினார்கள். மண்டபத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

அவர்கள் இறங்கிப்போய் முன்னால் தரையில் உட்கார்ந்ததும் செயலாளர் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு நாள் பீங்கான் பேட்டைக்குள்ள நடந்து போய்க்கிட்டிருந்தேன். ஒரு தாய் பொம்மைக்குக் கண் எழுதிக்கிட்டிருந்தாங்க. அப்படியே நின்னுட்டேன். என் கண்ணுல தண்ணி. அங்கேயே, அந்த மண்ணுலயே, இந்தப் பல்லவி பொங்கி வந்துச்சு."

கண் எழுதுகிறவள் எழுந்து நின்றாள். அவளுக்குச் சண்டை போடும் எண்ணமே இல்லை. யாரோ வழி தப்பாகச் சொல்லும்போது நாம் திருத்துவோமே, அந்தக் குரல்தான்.

"ஐயா, நீங்க போட்டா புடிச்ச அன்னைக்குத்தான ஷெட்டுக்கு வந்தீங்க. இந்தப் பாட்ட அக்கா எழுதுனாங்க. எங்க முன்னாடிதான் உக்காந்து எழுதுனாங்க. நாங்க அம்புட்டு பேரும் பாத்தோம்."

செயலாளர் ஒரு கணம் திகைத்தார், பிறகு சிரித்தார். "அம்மா இங்கதான இருக்காங்க. அவங்களே சொல்லட்டும்" என்று மைக்கை என் முன்னால் நீட்டினார்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு நல்லது செய்துவிட்டோம் என்ற சிரிப்பு. நான் சொன்னேன்.

"சார் எழுதுனதுதான். நான் அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தெரியாம சொல்லிட்டாங்க, மன்னிச்சுக்கங்க."

கைதட்டினார்கள். உரக்கடைக்காரர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். அவள் உட்காரவில்லை. பக்கத்தில் இருந்தவளின் தோளைத் தொட்டு எழுப்பினாள். பதின்மூன்று பேரும் சாப்பிடாமல் போனார்கள். செயலாளர், "பாவம், படிக்காத சனங்க" என்று மைக்கிலேயே சொன்னார். நான் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.

அடுத்த ஞாயிறு ஷெட்டுக்குப் போனேன். சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். மூன்றாவது வாரம் கம்பெனி விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். கண் எழுதுகிறவள் தூக்குச் சட்டியோடு வந்தாள். என்னைப் பார்த்து ஒதுங்கவில்லை. நின்றாள்.

"வகுப்புக்கு ஏன் வரல?" என்று கேட்டேன். இதைவிட மடத்தனமாக எதுவும் கேட்டிருக்க முடியாது.

"அந்த ஆளு எழுதுனேன்னு சொன்னதுல எனக்கு ஒன்னும் இல்லக்கா. ஒங்க பாட்டு, யாருக்கு வேணா குடுங்க. என்னை எதுக்கு அத்தினி பேரு முன்னாடி பொய் சொல்றவளா ஆக்குனீங்க?"

"எனக்கு வேற வழி தெரியலம்மா."

"தெரிஞ்சிருக்கும்" என்றாள். "கம்பெனியில மேஸ்திரி இப்ப என்னா சொன்னாலும், நீதான் மேடையிலயே பொய் சொன்னவளாச்சேங்கறாரு. அவரும் சோறு திங்க வந்திருந்தாரு." பஸ் வந்தது. "போயிட்டு வரேன்க்கா" என்று அப்போதும் மரியாதையாகச் சொல்லிவிட்டு ஏறினாள்.

திரும்பி நடக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. அன்று மண்டபத்தில் அவள், "அது நான் சொன்ன வார்த்தை" என்று சொல்லியிருக்கலாம். பல்லவி அவள் வாயில் வந்தது. அனுபல்லவி கூழ் ஊற்றுகிறவள் வாயில் வந்தது. அவள் எழுந்து நின்றது எனக்காக. செயலாளர் என் பாட்டைத் தன் பாட்டென்று நம்பியதை நான்கு வருடம் மனத்துக்குள் காறி உமிழ்ந்துகொண்டிருந்தவள், அவர்கள் பாட்டை என் பாட்டென்று நம்பியிருந்தேன். எனக்குக் காது இருந்தும்.

இவ்வளவும் புரிந்த பிறகாவது சென்னைக் கச்சேரியை விட்டேனா என்றால், இல்லை. போனேன். பகல் பன்னிரண்டு மணிக்கு மேடை. பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் மூன்று பேர் கேண்டீன் திறப்பதற்காகக் காத்திருந்தவர்கள். திறந்ததும் போனார்கள். மீதி எட்டில் ஒருவர் செயலாளர், ஒருவர் என் கணவர். ஒரு பெரியவர் வந்து, "எந்த ஊர்? விருத்தாசலமா? அங்கெல்லாம் பாட்டு உண்டா?" என்று கேட்டார். "ஊறுகாய் ஜாடி உண்டு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. இதற்காகத்தான் ஒருத்தியைப் பொய்க்காரி ஆக்கினேன்.

மாசி மகத்தையொட்டிச் சபா நடத்திய கச்சேரியில் எனக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். வழக்கம்போலச் செயலாளர் எழுந்து, கண்ணெழுதும் பாட்டு பிறந்த கதையைத் தொடங்கினார். நான் மைக்கில் பேசினேன். "அந்தப் பாட்டு சார் எழுதுனது இல்லீங்க. சி.டி.யில இருக்கற எதுவும் சார் எழுதுனது இல்ல. மத்தது நான் எழுதுனது. இந்தப் பாட்டுல மொதல் வரி பொம்மைக்குக் கண் எழுதற ஒருத்தங்க சொன்னது. அடுத்த வரி கூழ் ஊத்தறவங்க சொன்னது. அன்னைக்கு மண்டபத்துல நான்தான் பொய் சொன்னேன், அவங்க சொன்னது நெசம்."

மாதக் கணக்கில் ஒத்திகை பார்த்த பேச்சு அது. பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்தேன். செயலாளர் நிதானமாகச் சிரித்தார். "அம்மா இன்னைக்குத் தமாஷா பேசறாங்க" என்றார். சனம் சிரித்தது. முன் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பிரசாதம் எப்பங்க குடுப்பாங்க?" என்று கேட்டது மைக்கில் விழுந்தது. யார் எழுதினார்கள் என்பதில் அங்கே ஓர் ஆளுக்கும் அக்கறை இல்லை. நான் பொய் சொன்னபோது கைதட்டிய அதே கைகள், உண்மை சொன்னபோது விசிறிக்கொண்டிருந்தன.

மேடையிலிருந்து இறங்கியதும் அவர் தனியாக வந்தார். முகம் உண்மையிலேயே நொந்திருந்தது. "நான் உங்கள எவ்வளவு வளத்துவிட்டேன்? நன்றியே இல்லாமப் போச்சே" என்றார். "சார், உங்க டைரிய எடுத்து ஒரு தடவ படிச்சுப் பாருங்க" என்றேன். படித்திருக்க மாட்டார். அதன் பிறகு சபாவில் என்னைக் கூப்பிடவில்லை. வேறு ஒரு பெண்ணைப் பிடித்து அடுத்த சி.டி. போட்டார். தேடி வாங்கிக் கேட்டேன். அந்தப் பெண் அவர் எழுதியதை அப்படியே பாடியிருந்தாள். தொண்டேன் இருந்தது. கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தேன். பிறகு அவருக்குக் கலைச் சேவைக்காக ஏதோ ஒரு விருது கொடுத்தார்கள். கொடுத்தவர்களும் டைல்ஸ் கடைக்காரர்கள்தான்.

எனக்குப் பெண்ணாடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை கிடைத்தது. சின்னச் சின்னக் கோயில் கச்சேரிகள் இருந்தன. வானொலி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. பேனரைக் கழற்றிக் கூழ்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டிருந்தார்கள். முதலில் கூழ் ஊற்றுகிற அம்மாள் வந்தாள். "நீ மைக்குல என் பேரச் சொன்னியாமே" என்று கேட்டாள். பேரைச் சொல்லவில்லை, கூழ் ஊற்றுகிறவங்க என்றுதான் சொன்னேன் என்றேன். "அப்ப அடுத்த தடவ பேரயும் சொல்லு" என்றாள். அவளைத் தொடர்ந்து நான்கைந்து பேர் வந்தார்கள். பதின்மூன்று பேர் திரும்பச் சேரவே இல்லை.

கண் எழுதுகிறவள் பல மாதம் கழித்து ஒரு நாள் வந்தாள். வேறு கம்பெனிக்கு மாறியிருந்தாள். பழைய இடத்தில் முன்னால் உட்காராமல் கடைசியில், தூணோரமாக உட்கார்ந்தாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கும் இல்லை. அவளுக்குப் பாட்டு வேண்டியிருந்தது, அதைச் சொல்லிக்கொடுக்கிற ஆள் அந்த வட்டாரத்தில் நான்தான் இருந்தேன், அதனால் வந்தாள். முதலில் சந்தேகம் கேட்பதைக்கூடப் பக்கத்தில் இருப்பவள் மூலமாகக் கேட்டாள். அன்று ஜண்டை வரிசை. மூன்றாம் காலத்து வேகத்தில் மற்றவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். அவள் மட்டும் என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி, கடைசி வரை தாளம் தப்பாமல் பாடி முடித்துவிட்டு, "அடுத்தது என்னான்னு கேளுடி" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.